பூண்டுப் பைக்குள் ஒரு வெள்ளி ரூபாய்

மதியம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அந்தத் தொலைபேசி வந்தது. எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் நவம்பர் மழை விடாமல் பிடித்திருந்த நாட்கள். நான் கணக்கு எழுதும் பள்ளி விடுதியின் அலுவலகத்தில் தனியாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாய்தான் பேசினார்.

"சார், பன்னெண்டு மணி மதுரை வண்டியில உங்க வீட்டு ஆளு யாரும் போனாங்களா?"

இல்லை என்றேன்.

"அல்லா காப்பாத்துனான். பெருமாள்மலைக்குக் கீழ மண்ணு சரிஞ்சிருச்சாம். ஜனங்க எல்லாம் எறங்கித் தப்பிச்சுட்டாங்க. கண்டக்டரத்தான் காணோமாம்."

எங்கள் வீட்டு ஆள் யாரும் அந்த வண்டியில் போகவில்லை. ஆனால் என்னுடைய பை ஒன்று போயிருந்தது.

என் மகளுக்கு அப்போது இருபது வயது. சிறு வயதிலிருந்தே நாணயம் சேர்ப்பாள். ஊரை விட்டுப் போகும் வெளிநாட்டு ஆசிரியர்கள் கையில் மிஞ்சிய சில்லறையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் பிடித்த பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரக்காரரிடம் அவளுக்கு ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தது. ராஜா தலை போட்டது. அதில் பொறித்திருந்த வருடத்து ரூபாய் அபூர்வமாம். அதனாலேயே போலிகளும் உலவுகின்றனவாம். அசலா போலியா, அசல் என்றால் எந்தத் தரம் என்று பார்த்துச் சொல்லச் சென்னையில் ஒரு பெரியவர் இருந்தார். பூதக்கண்ணாடி வைத்துத் தேய்மானம் பார்த்து, தரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அவர் எழுதிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை என்பாள் மகள். இவள் கடிதம் போட, அவரிடமிருந்து பதிலும் வந்தது. மதுரையில் ஒரு கண்காட்சிக்கு வருகிறேன், கடைசி நாள் மாலைக்குள் நாணயம் வந்து சேர்ந்தால் பார்த்துத் தருகிறேன் என்று எழுதியிருந்தார்.

தன் நாணயத்தை ஒரு நிபுணர் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார் என்பதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மனைவி நல்ல எண்ணத்தில், "இப்பிடிக் கறுத்துக் கெடக்கே, பளிச்சுன்னு இருந்தாத்தானே மார்க் போடுவாரு" என்று புளியும் கையுமாக வந்தாள். மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தேய்த்தால் தரமே போய்விடுமாம். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல்கூடப் படக் கூடாதாம். பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு பெப்பர்மிண்ட் டப்பாவில் பஞ்சு வைத்து, அதைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தாள்.

கண்காட்சியின் கடைசி நாள் விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். பிள்ளை தும்மினாலே டாக்டர் வீட்டு வாசலில் நிற்பவன். "இந்த மழையில காட் ரோட்டுல நீ போக வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துவைத்தாள். அந்த மடிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் மலையில் அது அன்றாட வழக்கம்தான். மருந்து, மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். கீழே ஆள் நின்று வாங்கிக்கொள்வார். மதுரை ஸ்டாண்டில் வந்து நிற்கச் சொல்லி என் மைத்துனருக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஆனால் வெள்ளி நாணயம் என்று தெரிந்தால் யார் கண் எப்படி இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதனால் டப்பாவை ஒரு துணிப்பைக்குள் வைத்து, அதன்மேல் இரண்டு கிலோ பூம்பாறைப் பூண்டைக் கொட்டி, பையின் வாயைக் கோணி ஊசியால் தைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கண்டக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்துப் பள்ளங்கிக் கிராமத்துக்காரர். பையை வாங்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "பூண்டுக்கா சார் இம்புட்டுத் தையலு? டிரைவர் சீட்டுக்கு அடியில போட்டுர்றேன், பத்திரமாக் கெடக்கும்."

சீட்டுக்கு அடியில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஈரம், மிதி, உதை எல்லாம் அங்கேதான். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "சாதாரணப் பூண்டு இல்ல தம்பி, மருந்துக்கு. மதுரையில நெஞ்சு வலிக்காரர் ஒருத்தர் இதுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு. இன்னிக்கே போய்ச் சேரணும். உங்க உசுரு மாதிரிப் பாத்துக்கங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்பிடிங்களா. எங்கப்பாவுக்கும் நெஞ்சு வலிதான் சார். நேரத்துக்கு ஒண்ணும் கெடைக்கல" என்றார். டிரைவர் தலைக்குப் பின்னால் இருந்த கொக்கியில் பையை மாட்டி, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தக் கண்டக்டரைத்தான் காணோம் என்கிறார் பாய்.

குடையை எடுக்க மறந்து ஸ்டாண்டுக்கு ஓடினேன். பயணிகள் சிலரை ஒரு ஜீப் கொண்டுவந்து இறக்கியிருந்தது. முழங்கால் வரை சேறு. ஒரு பெண் நடுங்கிக்கொண்டே சொன்னாள். வண்டிக்கு முன்னால் மண் சரிந்து பாதை அடைபட்டதும், கண்டக்டர்தான் எல்லாரையும் இறக்கி மேல்பக்கமாக நடக்க வைத்திருக்கிறார். கடைசி ஆளாக அவரும் வந்துவிட்டாராம். "பாதி தூரம் வந்துட்டாருங்க. தலையில அடிச்சுக்கிட்டு, ஒரு பையி இருக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்னு திரும்ப ஓடுனாரு. வண்டிக்குள்ள ஏறுனதப் பாத்தேன். அப்பத்தான் மேல இருந்து மரத்தோட வந்துச்சு. அப்புறம் பனி மூடிருச்சு. கூப்பிட்டுப் பாத்தோம், சத்தமே இல்ல."

"என்ன பையாம்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"யாரோ குடுத்த பூண்டாம். பூண்டுக்கு உசுர விடுவானா ஒருத்தன்?" என்றார் டிரைவர். நெற்றியில் வெட்டுக்காயத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் பை கொடுத்தபோது அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

 மழையில் வண்டியோடு போவது அவர் வேலை, நான் பை கொடுக்காவிட்டாலும் போயிருப்பார் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். போவது அவர் வேலைதான். தப்பி வந்த பிறகு திரும்பி ஓடியது அவர் வேலை இல்லை. அதை நான் கொடுத்தேன்.

மகள் ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பாய் கடையில் விஷயம் கேட்டிருக்கிறாள். என்னை ஓரமாக இழுத்து, "என்ன சொல்லிக் குடுத்தீங்கப்பா?" என்றாள். சொன்னேன். அவள் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நெஞ்சு வலியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் நிற்காமல், அந்த நடுங்கும் பெண்ணுக்குத் தன் சால்வையைப் போர்த்தப் போய்விட்டாள்.

தேடப் போனவர்கள் மண் சரிவது நின்ற பிறகுதான் கிட்டே நெருங்க முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த சற்று நேரத்தில் பள்ளங்கியிலிருந்து கேரட் ஏற்றி வந்த ஜீப்பில் கண்டக்டரின் அம்மா வந்து இறங்கினார். தலையில் சாக்கைக் கூம்பாக மடித்துப் போட்டிருந்தார். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கை நகமெல்லாம் செம்மண். யாரும் அவர் பக்கத்தில் போகத் துணியவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே அவரும் வந்து உட்கார்ந்தார்.

"ஒத்தப் பிள்ள சார்" என்றார், நான் கேட்காமலே. "வெள்ளனே கெளம்பும்போது, மழையா இருக்கேடா, இன்னிக்கு லீவு போடுடான்னேன். நீ வேற சோலியப் பாரும்மான்னுட்டுப் போனான். எவனோ பூண்டு குடுத்தானாம்ல. அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

யாரோ ஒரு ஊர்க்காரன் மாதிரி, 'ஆமாம்மா' என்று தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். எனக்குக் கால் வரவில்லை. எதிரே என் மகள் ஒரு குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளை நான் மழையில் அனுப்பவில்லை. பத்திரமாக என் கண்ணெதிரே இருந்தாள்.

"அந்தப் பை என்னோடதும்மா" என்றேன்.

அவர் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள பூண்டு மட்டும் இல்ல. என் மக சேத்து வச்ச ஒரு வெள்ளி ரூபாய். அதுக்குத் தரம் எழுதி வாங்க அனுப்புனேன். நோயாளின்னு சொன்னது பொய்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒத்த ரூவாயா?"

"ஆமா."

"எம் மகன்கிட்ட ரூவாய்னு சொல்லல?"

"சொல்லலம்மா."

அவர் வெகுநேரம் கை நகத்து மண்ணையே சுரண்டிக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா அவன் வாங்கியே இருக்க மாட்டான் சார். அடுத்தவங்க காசுன்னா அவனுக்குப் பயம்" என்றார்.  ஆனால் எழுந்து போகவில்லை. பாய் கொண்டுவந்த டீ எங்கள் இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த மாலையில் எத்தனை வண்டி வந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு விளக்கு வெளிச்சம் பனிக்குள் தெரியும்போதும் அவர் பாதி எழுவார். வண்டி நின்று வேறு யாரோ இறங்கியதும் உட்காருவார். அவரோடு சேர்ந்து நானும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மதுரையில் அந்தப் பெரியவர் பூதக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்து ரயிலுக்குக் கிளம்பியிருப்பார். அந்த நினைப்பு ஒரு தரம் வந்தது. வந்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது முட்டைக்கோசு ஏற்ற வந்த காலி லாரி ஒன்று நின்றது. பின்பக்கத்திலிருந்து ஒருவர் மெதுவாக இறங்கினார். தலை முதல் கால் வரை ஒரே மண் நிறம். காக்கிச் சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. தோளில் என் துணிப்பை.

இரண்டாவது சரிவு வந்தபோது டிரைவர் பக்கத்துக் கதவு வழியாகக் குதித்திருக்கிறார். சரிந்த மண்ணுக்கு அந்தப்புறம், பள்ளத்துப் பக்கம் மாட்டிக்கொண்டதால் மேலே வர வழியில்லை. காப்பித் தோட்டத்து ஆட்கள் ஒற்றையடிப் பாதையில் சுற்றி அழைத்துவந்து பெருமாள்மலையில் லாரி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவர் அம்மா ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஏலே, கிறுக்குப் பயலே! பூண்டு என்ன ஒங்கப்பன் வெளைய வச்சதா?" என்று கத்திவிட்டு, மகனின் நெஞ்சிலேயே முகத்தை வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் தன் அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டார். கஷ்டப்பட்டுப் பையைக் கழற்றி நீட்டினார். தையல் பிரியவே இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார். நேரத்துக்குச் சேக்க முடியல, பூண்டும் நனைஞ்சிருச்சு. அந்த நெஞ்சு வலி ஐயாவுக்கு இப்ப எப்பிடிங்க இருக்கு?"

 என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா மகனின் நெஞ்சிலிருந்து முகத்தை எடுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் தெரிந்த பார்வை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மகனிடம் சொன்னார்.

"அவரு பொழச்சுக்கிட்டாராம்ப்பா. நீ வெரசா வா, ஒரு வாய் சூடாக் குடி."

அந்த ரூபாய் பிறகு காப்பீட்டுத் தபாலில் சென்னைக்குப் போய், அசல்தான் என்ற குறிப்போடும் ஒரு நல்ல தரத்தோடும் திரும்பி வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மகள் எடுத்துக் காட்டுவாள். அந்த நேரத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்றும் கண்டக்டரிடம் யாராவது ஒரு பையை நீட்டுவதைப் பார்த்தால் என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் அந்தத் தாய் சொன்ன பதிலுக்கு நான் இன்னும் தகுதியானவன் ஆகிவிடவில்லை என்று தோன்றுகிறது.