மீனுக்குக் கொடுத்த முறைத் தண்ணீர்

பாத்திரம் கழுவப் போன றெஸ்ரோறன்றையே பிறகு விலைக்கு வாங்கினவன் நான். சென்ட் லோரன்டில் கறித்தூள் அரைக்கிற ஆலை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மாடிவீடு, மொன்றியலுக்கு வெளியே ஓடைக்கரையில் கத்தரித் தோட்டம், எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு உண்டாக்கினவை. "இந்தக் குளிருக்குள்ள கத்தரிக்காயோ?" என்று சிரித்த ஆட்களே பேந்து பையோடு வந்து வாசலில் நின்றார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருசத்தில் ஒரு கோடையில் மழை பொய்த்தது. முழங்காலளவு ஓடை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. ஓடையைப் பாதுகாக்கிற சங்கத்துப் பெட்டை ஒருத்தி வந்தாள். நான் பம்ப் போட்டு இறைக்கிற உரிமையை அந்தக் கோடைக்கு மட்டும் குத்தகைக்குக் கேட்டாள். தண்ணீர் ஓடையிலேயே ஓடினால்தான் மீன் தப்புமாம். என் மகள்தான் மொழிபெயர்த்தாள்.

"இறைக்காமல் இருக்கிறதுக்குக் குத்தகையோ?" என்றேன்.

மனைவி என் கையைக் கிள்ளினாள். "இஞ்சேருங்கோ, அவை மனம் மாறமுதல் ஓமெண்டு சொல்லுங்கோ."

ஓமென்றேன். ஆனால் எங்கள் ஊரில் பங்குக் கிணற்றில் தன் இறைப்பு முறையை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால், தண்ணீர் அவருடைய பாத்திக்குப் போய்ச் சேருமட்டும் வாய்க்காலில் காவல் நிற்பது வழக்கம். இடையில் வெட்டித் திருப்ப ஆளிருக்கும். மீனுக்குக் கொடுத்தாலும் முறை முறைதான். மடக்குக் கதிரையையும் தேத்தண்ணிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன்.

"மீன் வந்து உங்களைக் காவலுக்குக் கேட்டதோ அப்பா?" என்றாள் மகள்.

நினைத்தது சரி. நான் விட்ட தண்ணீரைக் கீழ்ப்பக்கத்துச் சோளக்காரக் கிழவன் இறைத்துக்கொண்டிருந்தான். சங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க மாட்டேன் என்றவன். எனக்குப் பிரெஞ்சில் இரண்டே சொல், வணக்கமும் நன்றியும். அவன் பம்பைப் போட்டால் முன்னுக்குக் கதிரையை விரித்து "பொன்ஜூர்!" என்று கத்துவேன். நிற்பாட்டினால் "மெர்சி!" அவன் ஏசுவான். நான் இன்னொரு பொன்ஜூர் சொல்வேன்.

கடைசியில் அவனும் ஒரு கதிரையோடு வந்தான். என் தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தான், ஆனால் எழும்பவில்லை. அடுத்த கிழமை அவனும் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டான். ஓடை வற்றவில்லை, மீன் தப்பியது.

சங்கம் கரையில் நன்றிப் பலகை நட்டது. முதலில் சோளக்காரன் பெயர். மீனுக்குப் படமே போட்டிருக்கிறார்கள். நான் 'மற்றக் காணிக்காரர்' என்பதற்குள் அடக்கமாம்.

"அதுவும் நீங்கள்தானே அப்பா."

மற்றக் காணிக்காரரோ வெயிலுக்குள் குந்தியிருந்தது? சோளக்காரனை மடக்கினது ஆர்? மீனுக்கு மேலே இடம் தாராளமாகக் கிடக்கிறது. சங்கத்துக்காரரே, அதில் என் பெயரைப் போடுங்கோ. காவல் இருந்ததையும் சேர்த்து, பெரிய எழுத்தில்.