நம்பர் பிளேட்டில் யோகா பாய்

மைசூரின் கோகுலம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில், யோகா கற்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் குடியிருக்கிறார். வெளிநாட்டவர் பற்றித் தமிழ்ப் பேப்பரில் எது வந்தாலும், "இவனும் அப்படித்தான் இருப்பான்" என்பேன் கணவரிடம். அந்த ஜெர்மன்காரர் கன்னடப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பதுகூட எனக்குச் சந்தேகம்தான். வேவு பார்க்கிறவனுக்குத்தானே ஊர் நியூஸ் வேண்டும்?

காவிரிக்காக பந்த் நடந்த அன்று, சேலத்திலிருந்து வந்திருந்த என் தம்பியின் கார் வாசலில் நின்றது. அதன் பின்னால் ஜெர்மன்காரர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். "என்ன பண்றீங்க அங்கே?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைத் தன் யோகா பாயால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். "ஊர்வலம் இந்த வழியா வருதுன்னு பேப்பர்ல இருக்கும்மா" என்றார் திக்கித் திக்கிக் கன்னடத்தில்.

ஊர்வலம் காரைத் தாண்டிப் போய்விட்டது.

இருபது வருடமாக இங்கிருக்கும் நான் இப்போதுதான் கன்னட எழுத்துப் படிக்கிறேன், அவரிடமே.