இரண்டரை அங்குலம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்தாவது மாதம் நான் வேலைக்குப் போனேன்.

அவர் திருச்சியில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். இருபது வருஷமாகக் காலை பிரேயருக்கு விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். ஒரு புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் முன்னாலேயே சரிந்தார். வலது கையும் வலது காலும் செயலிழந்தன. பேச்சும் போனது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. "ம்... ம்..." என்று ஆரம்பிப்பார். சொல் கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

எனக்குக் கிடைத்த வேலை தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில், ரிசப்ஷனில். எடுத்த எடுப்பிலேயே மேனேஜர் மேடம் சொல்லிவிட்டார்: யூனிஃபார்ம் புடவை, கொண்டை, கறுப்பு ஹீல்ஸ்.

"சாதாரண செருப்பு போட்டுக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்ங்க. ஒரு வாரத்துல பழகிடும்."

நாற்பத்து மூன்று வயதுவரை நான் குதிகால் உயர்ந்த செருப்பே போட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் என் கணவரைவிட அரை அங்குலம் உயரம். கல்யாணத்துக்கு முன்பே என் மாமியார் எங்கள் அம்மாவைத் தனியே அழைத்து, "பொண்ணுக்குத் தட்டையா செருப்பு வாங்கிக் குடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தார். என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். நான் தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நின்றோம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அந்தச் செருப்பை வாங்கினேன். இரண்டரை அங்குலம். கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, செருப்பைத் துணிப்பையில் சுற்றி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தேன். சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கிறவர் முன்னால் மூன்று அங்குலம் உயர்ந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சாதாரண செருப்பில் போய், ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டேன். வழவழவென்று கிரானைட் தரை. முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து, பார்வையைக் காலிலேயே வைத்து நடந்தேன். சாயங்காலம் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடக்கும். குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் வாசல் சரிவில் ஒரு நோயாளியின் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்தேன். காகிதங்கள் ஆட்டோவுக்கு அடியில் பறந்தன. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அந்த நோயாளியே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். கோபமில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் பாருங்க. முடியலைன்னா ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடறேன். அங்க செருப்பு எப்படி வேணா இருக்கலாம். ஆனா மதியம் வந்தா ராத்திரி எட்டு மணி ஆகும்."

அது எனக்கு முடியாத காரியம். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கைலாசபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். அண்ணிக்கும் குடும்பம் இருந்தது. ஐந்து மணிக்கு மேல் அவரால் இருக்க முடியாது.

அன்று சாயங்காலமே சமையலறையில் பாயை விரித்து அதன்மேல் நடந்து பார்த்தேன். அண்ணி காபி டம்ளரைக் கழுவ வந்தவர், என் காலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னம்மா இது?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"வேலைன்னா சரி. ஆனா அவன் காதுல விழாம பாத்துக்க. அவனே மனசு ஒடிஞ்சு கிடக்கான். வீட்டுக்குள்ள டக்கு டக்குன்னு கேட்டா என்னன்னு நெனைப்பான்?"

நான் நினைத்ததையே அவரும் சொன்னதால் எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வரவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாய் குதிகாலில் மாட்டி மாட்டி இழுத்தது. எடுத்துப் போட்டுவிட்டு மொசைக் தரையிலேயே நடந்தேன். அடுப்படியிலிருந்து கதவுவரை ஆறு அடி. போய்த் திரும்பினேன். நாலைந்து முறை ஆகியிருக்கும். முன்னறையிலிருந்து கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். "தண்ணி வேணுமாங்க?"

இல்லையென்று தலையாட்டினார். இடது கையால் என் பாதத்தைக் காட்டினார். பிறகு சமையலறையைக் காட்டினார். நான் புரியாதவள்போல் நின்றேன். அவர் கையை இறக்கவில்லை.

போய் எடுத்துவந்தேன். போட்டுக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்தார். போட்டுக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். தலையை நன்றாக உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில போட்டுத்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. நானா ஆசைப்பட்டு வாங்கலைங்க," என்றேன்.

அவர் வாசற்கதவைக் காட்டினார். நடக்கச் சொல்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தேன். "ம்ஹூம்" என்று சத்தமாக மறுத்தார். திரும்பிப் பார்த்தேன். ஐந்து மாதமாக நான் பார்க்காத முகம். ஸ்போர்ட்ஸ் டே அன்று, மார்ச் பாஸ்டில் எவனாவது கால் தப்பினால் வருமே, அந்த எரிச்சல். தன் இடது கையின் விரலை மோவாய்க்கு அடியில் வைத்து உயர்த்திக் காட்டினார். கீழே பார்க்காதே. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். சின்ன அடியாக வை. அப்புறம் சுவரைக் காட்டி, வேண்டாமென்று கையை வீசினார்.

சுவரை விட்டேன். பின்னால் அவர் தொடையைத் தட்டும் ஒலி கேட்டது. ஒன்று. இன்னொன்று. அதற்கேற்ப அடி எடுத்துவைத்தேன்.

"லெஃப்ட்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். தெளிவாகக் கேட்டது. திரும்பினால், அவரும் பயந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்படுகிறவர்போல உதட்டைத் தொட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

வாய் கோணியது. வரவில்லை. கண்ணில் நீர் கட்டியது. அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்புவதற்குள் நான் அவசரமாகத் திரும்பி ஒரு அடி வைத்தேன். குதிகால் தரையில் பட்டுச் சத்தம் எழுந்தது.

"லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்... ரைட்..."

வாசல்வரை போனேன். "ஹால்ட்!" என்றார். நின்றேன். "அபௌட் டர்ன்" மட்டும் முழுசாக வரவில்லை, "பட் டன்" என்றுதான் வந்தது. திரும்பினேன். அன்று காலை அந்த முன்னறையில் எத்தனை முறை நடந்தேனென்று தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. நின்றால் அவர் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. கொப்புளம் உடைந்து ரத்தம் வந்ததைச் செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னேன். "அப்படி வரும்க்கா. யோசிச்சுப் பேசற பேச்சு வேற, வருஷக்கணக்கா பழகின பேச்சு வேற. ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிப் பாருங்க," என்றாள். எண்ணினார். ஏழில் தட்டுத் தடுமாறிப் பத்துவரை போனார். ஆனால் என் பேரைக் கேட்டால் சொல்ல முடியவில்லை. அன்று எனக்கு மனசு கொஞ்சம் உடைந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் முன்னறையிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டேன். அண்ணி பதறிப்போய் என் கையைப் பிடித்தார். கட்டிலிலிருந்து "லெஃப்ட்" என்று குரல் வந்ததும் கையை விட்டார். தம்பியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

ரிசப்ஷனில் என்னை மாற்றவில்லை. ஆனால் மேடம் சொன்னதுபோல் ஒரு வாரத்தில் பழகிவிடவில்லை. காலில் வலியில்லாமல் ஒரு நாள் முழுக்க நிற்க மூன்று மாதம் ஆனது. அவர் வாக்கரை விட்டுக் கைத்தடியில் வாசல்வரை வர ஒரு வருஷம் ஆனது. பள்ளிக்கூடத்துக்கு அவர் திரும்பவேயில்லை. "தண்ணி", "வா", "போதும்" வந்தன. என் பேர் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேறு எதையோ சொல்ல முயன்றபோது வந்தது.

போன வருஷம் ஒரு மதியம், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். மனைவி இறங்கி, யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் கையை உதறிக்கொண்டிருந்தாள். நான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஓடினேன். அவரை உள்ளே ஒப்படைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றபோது, பக்கத்துக் கவுண்டர் பெண் என் செருப்பைப் பார்த்து, "எப்படிக்கா இதுல ஓடினீங்க?" என்றாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அந்த மனைவி என் மேஜை அருகில் வந்து நின்றாள். ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு மருத்துவம் பற்றி எதுவும் பேச அனுமதியில்லை.

"அவருக்குப் பேச்சு வந்துடுமாக்கா?"

என்னிடம் எல்லோரும் 'வந்துடும்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது சொல்ல வரவில்லை.

"தெரியலைம்மா. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. கொஞ்சம் வந்திருக்கு. முழுசா வரலை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஜையைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, சிகிச்சை அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் அவளோடு உட்கார்ந்தேன். காலையில் அவர் என்ன சாப்பிட்டார், எங்கே நின்றிருந்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுந்தோம்.