மூன்றாவது சிலிண்டரின் சுவர்

எபிக்கு யாருடைய வேலையும் அவ்வளவு லேசில் பிடித்துவிடாது. ஊரப்பாக்கத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் இருக்கிற மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அவன் கணக்கில் அரைகுறைகள். 'அவன் கைய வச்சா வண்டி நேரா காயலாங்கடைக்குத்தான் போவும்' என்று வாய் கூசாமல் சொல்வான். அப்படிப்பட்டவன் ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வான். இரும்புலியூர் ரத்தினபாய்.

பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். நாற்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பிளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. தேய்ந்துபோன இன்ஜின் சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து மறுபடி புதுசாக்குவதுதான் அவள் தொழில். ஐ.டி.ஐ.யில் டர்னர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்ணாம். அதற்கப்புறம் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபத்தோரு வருஷம். வேலை என்னவென்றால், துளைக்குள் அளவுமானியை விட்டுச் சரியா தப்பா என்று சொல்வது. ஒரு நாளைக்கு நானூறு துளை. கடைசியில் அதையும் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று ஆனபோது, அவளுக்கு ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். 'மூணு நாள் உட்கார்ந்தேன் தம்பி, முதுகு வலி வந்துடுச்சு' என்பாள். வேலையை விட்டாள். படப்பையில் ஒரு கொட்டகைக்குள் கோழி அடைந்துகொண்டிருந்த, சிலிண்டர் கடைகிற போரிங் மெஷின் ஒன்றைப் பிடித்து, வீட்டை ஒட்டி நிறுத்தினாள். பக்கத்திலேயே பேக்கரி நடத்துகிற அவள் புருஷன் ஜாய்சன், "இன்ஜின் பிளாக்கை எல்லாம் உன்னால தூக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் உத்திரத்தில் செயின் புல்லி தொங்கியது. கேள்வி அதோடு முடிந்தது.

எபி அவளிடம் போன ஏப்ரலில் கொண்டுபோனது ஒரு நாலு சிலிண்டர் பிளாக். பொழிச்சலூர் மெட்டில்டா டீச்சரின் கார். டீச்சர் ரிட்டையர் ஆன பிறகு, ஐம்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். காரணம் அவர் கணவர் வேதசிரோமணி. அவருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போய் வந்தால் மனுஷன் துவண்டுவிடுகிறார் என்று, நடுங்கி நடுங்கியாவது டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஒரு வருஷத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரனுக்கே ஹாரன் அடிக்கிற அளவுக்குத் தேறியும்விட்டார். அந்தக் காரின் இன்ஜின்தான் பல்லாவரம் மேம்பாலத்தில், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது, கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது.

எபி வண்டியை இழுத்துவந்து பிரித்தான். மூன்றாவது சிலிண்டரின் சுவரில் நகமே உள்ளே இறங்குகிற ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள். ஆயில் தொட்டியின் அடியில் துழாவினால், உடைந்த ஒரு கம்பி வளையம் கையில் அகப்பட்டது. பிஸ்டனுக்குக் குறுக்கே போகிற 'பின்' என்கிற தண்டு நகராமல் இரண்டு முனையிலும் பிடித்துவைக்கிற வளையம், லாக் என்பார்கள். ஒரு தடவை கழற்றிய லாக்கைத் திரும்பப் போடக் கூடாது. எபிக்குத் தெரியாதா என்ன? ஆறு மாதம் முன்னால் இதே இன்ஜினை அவன்தான் பிரித்து மாட்டினான். மாட்டும்போது புது லாக் ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. அரைமணி நேரம் தரையெல்லாம் தேடினான், அகப்படவில்லை. இன்னொன்று வாங்கத் தாம்பரம் போகவேண்டும். பழையது கையிலேயே இருந்தது. போட்டுவிட்டான்.

அந்த உடைந்த துண்டை எபி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். டீச்சரிடம், "தண்ணி இல்லாம ஓட்டிக்கினு வந்திருக்கீங்க டீச்சர். சூட்டுல புடிச்சிகிச்சு. ஹீட்டு காட்டுற முள்ளப் பாக்கலியா?" என்று கேட்டான். டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. "பார்த்தேன்னுதான் தம்பி நினைச்சேன்" என்றார். அதற்கப்புறம் கார் ஓட்டுகிற பேச்சையே அவர் எடுப்பதில்லை என்று பிறகு கேள்விப்பட்டான். வேறு பிளாக் போட்டால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்கவேண்டும். அதனால் இதே பிளாக்கைக் காப்பாற்றித் தருகிறேன் என்று பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி எடுத்துக்கொண்டு வந்தான்.

ரத்தினபாய் பிளாக்கைக் கடைவதற்கு முன் எப்போதும் ஒன்று செய்வாள். சிலிண்டருக்குள் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி விட்டு, சுவரோடு ஒட்டவைத்து, பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்ப்பாள். சுவரில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் காகிதத்தில் எழுந்துவரும். கடைந்த பிறகு காயம் எப்படி இருந்ததென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் அல்லவா, அதற்காக. அடியில் தேதி, கொண்டுவந்தவர் பெயர், கெட்டுப்போன காரணம் மூன்றையும் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுவாள். எழுநூறு எண்ணூறு காகிதம் இருக்கும். ஒன்றில் அவள் பெயரே இருக்கிறது: 'ரத்தினபாய். மதியச் சூட்டில் அளந்தது.' சூட்டில் இரும்பு விரிந்து அளவு பிசகும். அந்தத் தப்புக்குப் பிறகு அவள் வெயில் நேரத்தில் எதையும் அளப்பதில்லை. பிளாக், பிஸ்டன், அளவுமானி மூன்றையும் ஒரே அறையில் நாள் பூராவும் சும்மா கிடக்கவிட்டு, மறுநாள் காலையில்தான் தொடுவாள். அவசரப்படுத்துகிறவர்களுக்கு வாசல் பக்கம் கையைக் காட்டுவாள்.

எபி கொண்டுவந்த பிளாக்கின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"காரணம் என்ன தம்பி?"

"ஹீட்டுக்கா. வயசான டீச்சரம்மா, தண்ணியில்லாம ஓட்டிட்டாங்க."

"சூட்டுல புடிச்சா சுவர் பூரா இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். இங்க பாருங்க. எதிரெதிரா ரெண்டே கோடு. பின் இருக்கிற இடத்துக்கு நேரா. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஸ்கேல் வச்ச மாதிரி." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "லாக் போயிருக்கு. பின் நகர்ந்து சுவரை உழுதிருக்கு. பழைய லாக்கா?"

அடப்பாவி, அவன் பாக்கெட்டில் ஒளித்துவைத்ததை இந்தம்மா ஒரு பென்சில் கிறுக்கலில் படித்துவிட்டாளே! "தெரியலக்கா" என்று முனகினான். அவள் வற்புறுத்தவில்லை. தேதியும் பெயரும் எழுதி, காரணத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு ஒட்டினாள்.

பள்ளம் ஆழமாக இருந்ததால் லேசாகக் கடைந்து சரிசெய்ய வழியில்லை. பழைய சுவரை நாலு மில்லிமீட்டர் அகலமாகவே கடைந்தெடுத்துவிட்டு, உள்ளே புதிதாக ஓர் இரும்புக் குழாயை இறக்கவேண்டும். லைனர் என்று பெயர். கடைசி வெட்டை எப்போது வைப்பது என்பதற்கு அவளிடம் கெடிகாரம் வேண்டியதில்லை, ரயில்தான். பட்டறைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டே தெரு. எக்ஸ்பிரஸ் போனால் தரை அதிரும், அதிர்ந்தால் கத்தி பிசகும். லோக்கல் ஒன்று போனது. மதுரைப் பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் போனது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப பதினோரு நிமிஷம் இருக்கு" என்று மெஷினைப் போட்டாள். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. அடுத்த ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டபோது கத்தி மேலே ஏறி நின்றுவிட்டது.

கடைந்த துளையைவிட லைனர் ஐம்பது மைக்ரான் பெரிசு. தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது, ஆனால் சம்மட்டியால் அடித்தாலும் உள்ளே போகாது. போகக் கூடாது, போனால் பிடிப்பு இருக்காது. அப்புறம் எப்படி இறக்குவது? குளிர்ந்தால் லைனர் சுருங்கும், சூடானால் துளை விரியும். இதற்குத்தான் பேக்கரி. லைனர் முந்தின நாளே ஜாய்சனின் டீப் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவில் படுத்துவிட்டது. பிளாக்கைச் சோப்பும் சோடாவும் போட்டு மூன்று தடவை வெந்நீரில் கழுவினாள். மூன்று மணி பன் வெளியே வந்ததும், அந்தச் சூட்டிலேயே பிளாக் அடுப்புக்குள் போனது.

"ஸ்தோத்திரம் பிரதர்" என்று எபியை வரவேற்ற ஜாய்சன், "போன மாசம் ஒரு பிளாக்கு இதே அடுப்புல வச்சோம். ஆயில் வாடை அடிக்குதான்னு அன்னிக்கு வித்த கேக்கையெல்லாம் ஜனங்க மோந்து மோந்து பார்த்தாங்க" என்றார்.

"ஒருத்தராவது திருப்பிக் குடுத்தாங்களா?" என்றாள் ரத்தினபாய்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிளாக்கை வெளியே இழுத்து மேசையில் வைத்தார்கள். பக்கத்தில் நிற்கமுடியாத அனல். "கோணலா இறங்குனா பாதியில கவ்விக்கும். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும், பிளாக்கும் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். ஜாய்சன் ஃபேனை நிறுத்தினார். கடையில் பப்ஸ் வாங்க நின்ற இரண்டு பேர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெண்பனி படிந்த லைனரைக் கையுறையோடு எடுத்தாள். துளைக்கு நேரே ஒரு கணம் பிடித்தாள். விட்டாள்.

டக்.

அவ்வளவுதான். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கி, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. எபி குனிந்து பார்ப்பதற்குள் சூட்டில் பனி ஆவியாகி, இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறான். பிடிவாதமான எந்தச் சாமானையும் அடித்தும் நெம்பியும்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறான். இந்தம்மா ஒரு விரல்கூட அழுத்தவில்லையே!

மறுநாள் விளிம்பை ராவிச் சமன்செய்து, பிஸ்டனின் அளவுக்கு லைனரை உள்ளே கடைந்து, கடைசியாகச் சுவரைத் தேய்த்துப் பதப்படுத்துகிற ஹோனிங் கல்லைச் சுழற்றி மேலும் கீழும் ஓட்டினாள். துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினாள். சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள், வைரம் வைரமாக. அதில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் ஆயில் நிற்காமல் எரிந்துபோகும் என்றாள். எபி இணைப்பு எங்கே என்று நகத்தால் தடவித் தடவித் தேடினான். இல்லை. பிறந்ததிலிருந்தே அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்தது என்று சத்தியம் பண்ணலாம். அரை மயிரிழைக்கு ரயிலையும் வெயிலையும் கணக்குப் பார்க்கிற இவள் முன்னால், ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நிற்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எழுதிக்கோங்கக்கா. பழைய லாக். போட்டது நான்தான்."

அவள் பென்சிலை எடுத்து எழுதினாள். எழுதிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன தம்பி பிரயோஜனம்? எனக்குத்தான் முதல் நாளே தெரியுமே."

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, எபி காரைப் பொழிச்சலூருக்கு ஓட்டிக்கொண்டு போனான். இன்ஜின் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது, அத்தனை பாந்தம். வேதசிரோமணி வராந்தாவில் டயாலிசிஸ் பையோடு ஆட்டோவுக்குக் காத்திருந்தார். "வாப்பா. பார்த்து நிறுத்து. எங்க வீட்டம்மா பக்கத்துல வந்தா இன்ஜின் பயந்துடப் போகுது" என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. எபி நீட்டிய சாவியையும் வாங்கவில்லை.

"வித்துடுங்க தம்பி. நான் இனிமே ஓட்டறதா இல்ல. அன்னிக்கு அந்தப் பாலத்துல இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

'சரி டீச்சர், வித்துடலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் மூடிப்போகும். எபி வாயைத் திறந்தான்.

"டீச்சர், தப்பு உங்க பேர்ல இல்ல. நீங்க தண்ணியெல்லாம் கரெக்டாத்தான் பாத்திருக்கீங்க. நான் பழைய லாக்கைப் போட்டு மாட்டினேன். அதுதான் உடைஞ்சு சுவரைக் கிழிச்சிச்சு. உடைஞ்ச துண்டைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். மறைச்சிட்டு உங்க மேல போட்டுட்டேன்."

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதசிரோமணி பையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"தெனம் ராத்திரி ஜெபத்துல கேட்டுகிட்டு இருக்கேன்" என்றார் டீச்சர். "முள்ளைப் பார்த்தேனா, பார்க்கலையான்னு. பார்த்த ஞாபகம் நல்லா இருக்கு. ஆனா மெக்கானிக்கே சொல்றாரே, அப்ப எனக்குத்தான் மூளை கலங்குதுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டகூடப் போய் வந்தேன் தம்பி."

எபி தலையைக் குனிந்துகொண்டான்.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

"இரும்புலியூர்ல ஒரு அக்கா. சுவரைப் பாத்தே சொல்லிட்டாங்க."

"அவங்க சொல்லலைன்னா நீங்க என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

இருக்கிற பொய்யெல்லாம் அவன் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. "சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர்" என்றான்.

டீச்சர் கையை நீட்டினார். எபி சாவியை வைத்தான். அவர் கணவரின் பையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சாவியைத் திருகி, முள்ளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என்ன உட்கார்ந்திருக்கீங்க?" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். "ஆட்டோவை வேண்டாம்னு சொல்லுங்க. வந்து ஏறுங்க, நேரமாகுது."