மூடின பக்கம் முன்னால்

சரசக்காவின் வலது கை மடங்காமல் போனதற்குக் காரணம் நான்தான். ஊரில் யாருக்கும் இது தெரியாது. அவளுக்கும் தெரியாது.

ஒன்றரை வருடமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள் நான், கோவையாக எழுத வருமோ என்னவோ... முகம் தெரியாத உங்களிடம்தான் சொல்லத் துணிவு வருகிறது.

குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் நானும் சரசக்காவும் தார் சுற்றுகிறோம். தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்தான் தார். சுற்றும்போது நூல் அறுந்தால் நொடியில் முடிச்சுப் போட வேண்டும். பட்டறையிலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அடுத்த வீடு.

என் சைக்கிளில் பின் பிரேக் கம்பி அறுந்து வெகுகாலம் ஆகிறது. முன் பிரேக் ஒன்றுதான். அதன் கட்டைகளும் தேய்ந்து ரிம்மில் கீச்சிட்டன. சைக்கிள் கடைக்குப் போக எனக்குக் கூச்சம். அங்கே பெஞ்சில் எப்போதும் நாலு ஆண்கள் இருப்பார்கள். போன முறை நான் போனபோது கடைக்காரர், "ஏனுங்க, அந்த முக்குல திரும்பறப்பவே சத்தம் கேட்டுதுங்க. லாரி வருதாக்கும்னு நெனச்சேன்" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. கெட்ட எண்ணம் இல்லை, விளையாட்டுதான். ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அதனால் வேறு தெருவில் கட்டைகளை மட்டும் வாங்கிவந்து, பட்டறை ஸ்பேனரால் நானே மாட்டினேன்.

பிரேக் கட்டையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தகரக் கூடு, அதற்குள் கறுப்பு ரப்பர். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். எந்த முனை முன்னால் வரவேண்டும்? பழையதைக் கழற்றும்போது நான் கவனிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். சைக்கிள் கடை கூப்பிடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. திறந்த முனையை முன்னால் வைத்து நட்டை முறுக்கிவிட்டேன்.

தெருவில் பத்தடி ஓட்டிப் பிடித்தேன். நின்றது. ஆனால் பட்டறைக்குப் போகும் வழியில், ஆற்றை நோக்கி ஒரு இறக்கம் உண்டு. அங்கே சந்தேகம் வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். நாளைக்குப் பார்ப்போம் என்று மூன்று நாள் தள்ளினேன்!

நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. காலையில் சரசக்கா வாசலில் நின்றாள். அவள் சைக்கிள் பஞ்சர்.

"உன்ர வண்டிய எடுத்துக்கட்டுமா சாமி?"

"எடுத்துக்குங்கக்கா. புதுக் கட்டை. நல்லாப் புடிக்கும்."

நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்த இடத்தைத்தான். கட்டையைத் தப்பாக மாட்டியதை அல்ல. அது அறியாமை. ஆனால் அப்படிச் சொன்ன நொடியில் என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? இறக்கத்தில் பிடிக்கிறதா என்று அக்கா ஓட்டிப் பார்த்துவிடுவாள், இனி நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை... நான் பயந்த சோதனைக்கு அவளை அனுப்பினேன். தெரிந்தே அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் தெருவில் கூச்சல் கேட்டது. நான் ஓடிப் போனபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். இறக்கத்தின் அடியில் பாவு நூல் சுற்றும் இரும்பு உருளை ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. அந்த இரும்பில் போய் மோதியிருக்கிறாள், கையை முன்னால் நீட்டியபடி.

என் சைக்கிள் ஓரமாகக் கிடந்தது. பிரேக்கில் இரண்டு தகரக் கூடுகளும் வெறுமையாக இருந்தன. பாதி இறக்கத்தில் ஒரு ரப்பர் கிடந்தது, புத்தம் புதிதாக. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். இன்னொன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. அவள் கணவர், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் போன் பேசிக்கொண்டே போனதாகச் சொன்னார். அவள் மறுத்தாள். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"போனு பையில இருந்துச்சு சாமி. பயத்துல நாந்தான் பிரேக்கச் செரியாப் புடிக்காம உட்டுட்டனாட்ட இருக்குது. உன்ர வண்டியவேற ஒடச்சுப்போட்டேன்."

நான் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்ன அக்கா என்று சொல்லிச் சுளையை நீட்டினேன்!

பத்து நாள் கழித்து சைக்கிள் கடைக்குப் போனேன். அக்கா விழுந்தது இந்த வண்டியில்தான் என்று கடைக்காரருக்குத் தெரியாது. காலிக் கூடுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"மூடுன பக்கம் முன்னால வரோணுங்க. திருப்பி வெச்சா, அழுத்திப் புடிக்கறப்ப ரிம்மு ரப்பர உருவிப்போடும். யாருங்க மாட்டுனது?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. நம்ம பொழப்புக்குப் போட்டியா வந்தவருக்கு ஒரு டீ வாங்கித் தாரேன்."

பெஞ்சு சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன்... எப்படி முடிந்தது எனக்கு?

இப்போது பட்டறையில் அவள் இடது கையால் தார் மாற்றுகிறாள். நூல் அறுந்தால் நான் போய் முடிச்சுப் போடுகிறேன். எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாளாம்.

போன மாதம் அவள் மறுபடி தன் சைக்கிளை ஓட்ட ஆசைப்பட்டாள். வலது கையால் பிரேக் பிடிக்க முடியாது. முன் பிரேக்கை இடது பக்கம் மாற்றி, புதுக் கட்டை போட வேண்டும். கடையில் செய்யலாம் என்றேன். "கடையெல்லாம் வேண்டாம், நீயே மாட்டிக் குடு சாமி. உன்ர கை மேல நம்பிக்கை இருக்குது" என்றாள்.

மாட்டினேன். மூடின பக்கம் முன்னால். நான்கு முறை சரிபார்த்தேன். பிறகு தனியாக அந்த இறக்கத்துக்குப் போய், தள்ளாமல் ஏறி உட்கார்ந்து அவள் வண்டியைக் கீழே ஓடவிட்டேன். பாதியில் இடது கையால் அழுத்தினேன். ஒரு கணம், ரப்பர் உருவிக்கொண்டு போகட்டும் என்று இருந்தது... வண்டி அப்படியே நின்றது. என் கண்கள் சாக்கடை ஓரத்தில் அந்த இன்னொரு ரப்பரைத் தேடின.

"புடிக்குதா?" என்று கேட்டாள் வாசலில்.

"நல்லாப் புடிக்குதுங்கக்கா."

அதே வார்த்தை. வேறு வார்த்தை வரவில்லை.

தினமும் காலையில் அவள் எனக்கு முன்னால் இறக்கத்தில் வண்டியை விடுகிறாள். அவள் அடியில் போய்ச் சேரும்வரை நான் மேலேயே நிற்கிறேன். அவள் திரும்பி, மடங்காத கையை உயர்த்திக் கூப்பிடுகிறாள்.

"வா சாமி, எறங்கி வா. கட்டை நல்லாத்தான புடிக்குது."

நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறேன்.