சாலை வழியே போன பாறு

பாறுக் கழுகுகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அவளுக்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். முன்பு ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில், எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று திரையில் பார்த்து ஓட்டுநர்களை விரட்டுகிற வேலை அவளுக்கு. அந்த நிறுவனத்தை இழுத்து மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். பிணந்தின்னிகளோடு என்ன பிழைப்பு என்று மாமியார் முகம் சுளித்தார். "டிரைவருங்க மாதிரி எதிர்த்துப் பேசாதுங்க அத்தை" என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

முதுகில் பள்ளிக்கூடப் பை போலச் சின்னக் கருவி மாட்டிய பாறுகள். குளிர் தொடங்கினால் தெற்கே கிளம்பும், வெயில் ஏறினால் திரும்பும். கருவி அனுப்பும் தகவல் அவள் திரையில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு பாறுக்கு மட்டும் 'சித்தப்பா' என்று பெயர் வைத்திருந்தாள். அவளுடைய சொந்தச் சித்தப்பாவைப் போலவே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும். கூட்டம் ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகும்.

ஒரு நாள் காலையில் வந்து திரையைத் திறந்தாள். சித்தப்பா மலைப்பக்கம் போகாமல் நெடுஞ்சாலை மேலேயே போய்க்கொண்டிருந்தது. சாலை வளைந்த இடத்தில் அதுவும் வளைந்தது. சுங்கச்சாவடியில் நின்று கிளம்பியது. வானத்தில் போகிற பறவைக்குச் சுங்கச்சாவடியில் என்ன வேலை?

"சார், இது பறக்கல. யாரோ எடுத்துட்டுப் போறாங்க" என்று அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். போன வருடம்தான் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு பாறுகள் செத்திருந்தன. அவர் உடனே கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார். அவளும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக, பறவை போய் வெறும் கருவி மட்டும் மிஞ்சியிருக்குமோ என்ற ஒரே நினைப்புதான்.

புள்ளி ஒரு சிறு நகரத்துச் சந்தில் போய் நின்றிருந்தது. பிற்பகலில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சந்து முனையில் ஒரு லாரி. தையல்கடையை ஒட்டிய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டிலிருந்து ஈரத்தலையோடு ஒருவர் வந்தார். வீட்டுக்காரர் அவர்தான், லாரி ஓட்டுநர். இவர்கள் வண்டியில் இருந்த வனத்துறை இலச்சினையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நான் பிடிக்கலங்க. கரண்டு கம்பிக்குக் கீழ கிடந்துச்சு. செத்துப்போச்சுன்னு கிட்ட போனா, கண்ணைத் திறந்து முறைச்சுது. விட்டுட்டு வர மனசு வரல."

போர்வையில் சுற்றி, பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஓட்டி வந்திருக்கிறார். யாரிடமாவது சொன்னால் பிடித்ததே நீதான் என்பார்களே என்று பயம். லாரியிலிருந்து கீழே இறக்கும்போது அவர் மேலேயே வாந்தி எடுத்துவிட்டதாம். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து மிச்சத்தைச் சொன்னாள்: இருக்கிற ஒரே குளியலறையை அதற்குக் கொடுத்துவிட்டதால் இவரைப் பக்கத்து வீட்டில் குளிக்க அனுப்பினாளாம். அங்கேயும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாளி கொடுத்தார்களாம்.

மருத்துவர் குளியலறைக் கதவை மெல்லத் திறந்தார். கவிழ்த்து வைத்த வாளி மேல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தி போல உட்கார்ந்திருந்தது சித்தப்பா. இத்தனை காலம் புள்ளியாகவே பார்த்ததை அவள் முதல்முறையாக நேரில் பார்த்தாள். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மருத்துவர் இறக்கைகளை விரித்துத் தடவிப் பார்த்தார். "எலும்பு எதுவும் உடையல. கம்பியில மோதின அதிர்ச்சிதான். பொழைச்சுக்கும்."

அதைக் கேட்டதும் அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். லாரிக்காரர் மனைவி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். அதிகாரி லாரிக்காரரின் தோளைத் தட்டி, உங்கள் மேல் ஒரு வழக்கும் வராது, நன்றிதான் வரும் என்று சொன்னபோது அந்த வீட்டுக்கே உயிர் வந்தது.

சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு மலை உச்சியில் சித்தப்பாவைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து லாரிக்காரர் மனைவி அடிக்கடி கன்ட்ரோலுக்குப் போன் செய்வாள். எங்கள் வீட்டு விருந்தாளி இப்போது எங்கே என்று கேட்பாள். பெரிய கூட்டம் ஒன்றோடு சேர்ந்து எல்லை தாண்டிவிட்டது என்று கன்ட்ரோல் சொன்ன நாளில், மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"அப்பாடா. இனிமே கம்பி பார்த்துப் பறக்கச் சொல்லுங்க."

"சொல்லிடறேங்க" என்றாள் கன்ட்ரோல்.