சுவரைப் பார்த்து நின்ற அக்கா

சென்டர் அக்காவை நினைத்தால் முதலில் அவருடைய முதுகுதான் ஞாபகம் வரும். வெண்ணந்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய பிரவுசிங் சென்டர் இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வாசிக்கிறார். மேஷத்துக்கு அலைச்சல், ரிஷபத்துக்கு லாபம் என்று ஒவ்வொன்றாக, சத்தமாக வாசிக்கிறார். தான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும், அதற்காக. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாஸ்வேர்டை நானே போட்டது அப்போதுதான். நான் தறி ஓட்டுகிறவன். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தி முடிப்பதற்குள் அவர் மீன ராசிக்கு வந்துவிட்டார்.

அதுவரை எங்கள் ஊரில் பாஸ்வேர்டு என்பது அக்காவிடம் சொல்லுகிற ஒரு விஷயம். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் சொல்லுகிற மாதிரி கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லுவோம். அவர் தட்டிக்கொள்வார். முக்கால்வாசிப் பேர் குலதெய்வத்தின் பேரைச் சொன்னார்கள். அங்காளம்மன், முனியப்பன், பின்னால் பிறந்த வருசம். சாமி பேரைப் போட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஒரே குலதெய்வம் கும்பிடுகிற பங்காளிகள் பத்து வீட்டுக்கும் பாஸ்வேர்டு ஏறக்குறைய ஒன்றுதான். மறந்துபோனாலும் கவலையில்லை. அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம். எங்கும் எழுதி வைக்க மாட்டார். முகத்தைப் பார்த்ததும் சொல்லுவார். என் மகளுக்கு நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டதும் அவர்தான். காலேஜிலிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று கேட்க, ஷிப்ட் முடிந்ததும் தினமும் போவேன். அதனால்தான் நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. மெஷின் மந்தமானது. பென்டிரைவ் போட்டால் உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் ஓரத்தில் வளைந்த அம்புக்குறியோடு தெரிந்தன. அதை அழுத்தினால் திறக்கவும் செய்தது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஊர்க்காரர்கள் மெயிலிலிருந்து அவர்களே அனுப்பாத கடிதங்கள் போயின. இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே ஒரு லிங்க். ஒரு நாள் எங்கள் தறி முதலாளியால் அவருடைய மெயிலுக்குள்ளேயே போக முடியவில்லை. சேலை டிசைன்களைப் பார்த்து வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் போடுவது அதில்தான். அக்கா எப்படியோ மீட்டு, அதே மெஷினில் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். மறுநாள் அதுவும் போய்விட்டது.

முதலாளி கடைக்கு வந்தார். கூட்டமான நேரம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா, பழசையும் உங்கிட்டத்தான் சொன்னேன். புதுசையும் உங்கிட்டத்தான் சொன்னேன். ஊட்டுல பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அப்பறம் எப்படிம்மா போவும்?"

அக்கா, "பார்க்குறனுங்க" என்றார். வேறு என்ன சொல்லுவார்? கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாளி சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்குத் தெரிந்தது. ஒருவர் சொல்லவில்லை என்றால் மற்றவர்தான். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் இறந்தபின் அந்தக் கடையை வைத்துத்தான் அவர் நின்றார். அந்தக் கடையில் மெஷினைவிடப் பெரிய சொத்து, அவரிடம் எதையும் நம்பிச் சொல்லலாம் என்கிற பேச்சு. அது அன்றைக்குப் பாதி போயிற்று.

சிஸ்டம் போட்டுக் கொடுத்த ராசிபுரத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது புழுங்கக்கா" என்றார். அவர் அக்காவுக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அதுவும் ஒரு புரோகிராம்தான். பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வரும். நாம் ஃபோல்டர் என்று நினைத்து அழுத்துகிறோமே, அதுதான் அதற்குக் கதவு. நிஜ ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு அதே பேரில் தான் நிற்கும். அழுத்தினால் தானும் உள்ளே போய், நம் ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும், சந்தேகம் வராமல் இருக்க. மெஷினை ஆன் செய்தாலே தானும் எழுந்துகொள்ளும். எந்த பென்டிரைவ் வந்தாலும் ஏறிக்கொள்ளும். வயர் வழியாகப் பக்கத்து மெஷினுக்கும் போகும். இத்தனையும் செய்துகொண்டு, நாம் அழுத்துகிற ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து வைத்து, நெட் லைனில் எங்கேயோ இருக்கிறவனுக்கு அனுப்பிவிடும். முதலாளியின் புது பாஸ்வேர்டு போனது அப்படித்தான். மாற்றும்போதே அது பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

புழு என்ற பேச்சு டீக்கடைக்குப் போய்விட்டது. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நெளியுதுங்களா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"எங்க பண்ணைக்கு அடிக்கிற மருந்து மிச்சம் கெடக்குது. கொண்டாரட்டுங்களா?"

அத்தனை நாளில் அக்கா சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சுத்தம் செய்தது சுலபமாக முடியவில்லை. முதல் தடவை ஒரு மெஷினை மட்டும் சரி செய்தார்கள். சாயங்காலத்துக்குள் பக்கத்து மெஷினிலிருந்து திரும்ப வந்துவிட்டது. தறியில் பூ விழுவதற்காகத் துளை போட்டு மாட்டுகிற அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்தால், துணியில் எத்தனை இடத்தில் பிரித்து நெய்தாலும் அந்தப் பூ வரும்போதெல்லாம் தப்பும் வரும். அட்டையைத்தான் மாற்ற வேண்டும். அதை நான் அக்காவிடம் சொன்னேன். "அதேதானுங்க தம்பி" என்றார். மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தார்கள். முதலில் நெட் வயரைப் பிடுங்கினார்கள். மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவே போன வயரையும் பிடுங்கினார்கள். புழுவைப் பிடிக்கிற புரோகிராமை ராசிபுரத்துக்காரர் சிடியில் கொண்டுவந்திருந்தார். பென்டிரைவ் என்றால் அதிலும் ஏறிக்கொள்ளும், எழுதி முடித்த சிடியில் ஏற முடியாதாம். மெஷினை சேஃப் மோடில் ஆன் செய்தார்கள். அப்படிச் செய்தால் தேவையானது மட்டும் எழுந்துகொள்ளும், புழு தூங்கும். ஒளிந்திருக்கும் ஃபைல்களைக் காட்டு என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதைப் புழு முன்பே அடைத்து வைத்திருந்தது. அதைத் திறந்து, மெஷின் ஆனாகும்போது தானாக எழுகிற பட்டியலில் அதன் பேரை எடுத்து, எல்லா டிரைவிலும் தேடி அழித்து, கடைசியில் சிடியைப் போட்டு முழுக்கத் தேடவிட்டார்கள். ஒரு மெஷின் முடிந்த பிறகு அடுத்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் வயரை மாட்டினார்கள்.

பென்டிரைவ் மிச்சம் இருந்தது. அக்காவின் பென்டிரைவ் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். சிவப்புக் கயிறு கட்டி, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அப்படியே இருக்கும். புழு வந்தது அதில்தான். முதலாளிக்குச் சேலை டிசைன் வாங்க அம்மாபேட்டை டிசைன் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ் அது. போய்வந்தது யாருக்காக என்று எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அக்கா அதைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

ராசிபுரத்துக்காரர் கிளம்பும்போது, "மெஷின் சுத்தமாயிருச்சுங்கக்கா. வெளியில சொல்லிக்க வேண்டியதில்லை. ஏவாரம் போயிரும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா சிடியை எடுத்து அவரிடம் கொடுத்தார். பிறகு, "மெஷின்ல இருக்கறது போச்சுங்க. இங்கிருந்து போனது போனதுதானுங்களே" என்றார். 

மறுநாள் காலையில் கடை வாசலில் அட்டை தொங்கியது. "இந்தக் கடையில் பாஸ்வேர்டு போட்ட எல்லோரும் உடனே மாற்றிக்கொள்ளவும். என் பென்டிரைவில் வந்த வைரஸால் உங்கள் பாஸ்வேர்டு திருடு போயிருக்கலாம்." சிவப்பு ஸ்கெட்சில், அவரே எழுதியது. வராதவர்களுக்குப் போன் போட்டார். போன் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போனார். முதலாளி வீட்டுக்கும் போனார். நான் அப்போது அங்கே தறிக்கு வந்த நூல் பாவை இறக்கிக்கொண்டு இருந்தேன்.

"எம்பட பென்டிரைவுலதானுங்க வந்துச்சு. சாயங்காலம் வந்து மாத்திக்கோங்க. இந்தத் தடவை எங்கிட்டச் சொல்லாதீங்க."

அம்மாபேட்டை என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. முதலாளி அவரையே பார்த்தார். பிறகு, "டிசைன் எடுக்கப் போனதுலயாம்மா?" என்று அவரே கேட்டார். "ஆமாங்க" என்றார் அக்கா. முதலாளி உள்ளே திரும்பி, "ஒரு டீ போடு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

வந்தவர்களைச் சமாளிப்பது பெரும்பாடாகிவிட்டது. எல்லோரும் பழக்கத்தில் வாசலிலேயே ஆரம்பித்தார்கள். "முனியப்பன் வேண்டாமுங்க, இந்தத் தடவை கருப்பண்ணசாமி போடுங்கக்கா" என்று ஒருவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அக்கா காதைப் பொத்திக்கொண்டார். சாமி பேர் வேண்டாம், பிள்ளை பேர் வேண்டாம், ஊருக்குத் தெரிந்த எதுவும் வேண்டாம், எழுத்தும் எண்ணும் கலந்து நீங்களே போடுங்கள் என்றார். "எனக்கே மறந்துருமே சாமி" என்று ஒரு பெரியம்மா அழாத குறை. அப்போதும் அக்கா பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு ராசி. அன்றைக்கு அவர் தொண்டை கட்டிவிட்டது.

சில பேர் அட்டையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். சில பேர் அட்டையைப் பார்த்ததால்தான் வந்தார்கள். என் மகளுக்கு இடம் கிடைத்தது, மெயில் அந்தக் கடையில்தான் வந்தது. அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது. அதில் கடை போயிற்று. புழுவால் போகவில்லை.

இப்போது அக்கா குமாரபாளையத்தில் மகனோடு இருக்கிறார். கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுப் போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் போனில் வந்த ஓடிபியை யாருக்கோ கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸே கேட்டது. அக்கா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மெயிலில் வந்திருக்கிறது, திறக்க வேண்டும் என்று போனை எடுத்தார். திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தும் எழுத்து தெரியவில்லை. இரண்டு முறை தப்பாகப் போட்டார்.

"சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறன்" என்றேன்.

 அவர் போனைக் கொடுக்கவில்லை. கையை மட்டும் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

எழுந்து திரும்பி நின்றேன். அங்கேயும் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. எனக்குப் பின்னால் அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தேடுவது கேட்டது. எனக்கும் கண் இப்போது மங்கல்தான். எழுத்துக் கூட்டி மேஷத்தில் ஆரம்பித்தேன்.

"சத்தமா வாசிங்க தம்பி" என்றார்.